தீக்குச்சி அணையும் தூரம்

நோய் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கிறுக்கச்சி என்று நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது அதுதான். ஒரு விடியற்காலையில் களத்தில் நின்றுகொண்டிருந்தபோது விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுவென்றது. அடுத்த நாள் பாதங்களிலும் அதே. ஓடிப்போய்த் தம்பி பெண்டாட்டி லீலாவிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் எதைக் கொண்டாடினோம் என்று தெரிந்தபோது நான் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

என் பெயர் தெய்வானை. வடகரப்பதிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். வீட்டுக்காரர் போன பிறகு நிலக்கடலை, பருத்தி, மாடு கன்று எல்லாம் என் தலையில்தான். வேலந்தாவளம் சந்தைக்கு நானே போய் மாடு பிடிப்பேன். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள் பொம்பளை கையைப் பிடிக்க முடியாமல் முழிப்பார்கள். என்னிடம் மட்டும் வாய்விட்டுத்தான் விலை சொல்லியாக வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் சில நாள் சத்தமே இல்லாமல் கிடந்ததில் ஊரில் சிலருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

தம்பி வேலுச்சாமி சின்ன வயதிலேயே பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனவன். அங்கேயே பிறந்து வளர்ந்த லீலாவைக் கட்டிக்கொண்டான். வெளிநாட்டுக்காரர்கள் வேலை செய்ய இனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து, என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினார்கள். அவள் எந்த ஊர், என்ன குலம், என்ன கூட்டம் என்று சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் கோபப்படாமல், "யாருக்குத் தெரியும் லா" என்பாள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா'. எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்த அலட்சியத்தால்தான்.

விடிவதற்கு முன்னால் எங்கள் களத்தில் அவள் தனியாக நின்று மெதுவாகக் கையையும் காலையும் அசைப்பாள். பினாங்கில் எதிர்வீட்டுச் சீனத் தையல்காரியிடம் கற்றது. தாய்ச்சி என்று பெயர். முதல் தடவை பார்த்தபோது, "ஏ லீலா, களத்துல கொக்கு எறங்கியிருக்குதுன்னு கல்லெடுத்தேன்" என்றேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்போது அவள் நின்ற நிலைக்குப் பெயரே வெள்ளைக் கொக்கு இறக்கை விரிப்பதாம்.

எனக்கு முட்டி வலி. நடந்தால் வலி, உட்கார்ந்தால் எழ முடியாது. கேலி பேசிக்கொண்டே நானும் அவள் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். அவள் சொல்லித்தந்ததில் முக்கால்வாசி நிற்பதுதான். ஒரு காலில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும். அது நிறைந்த கால். அப்போதுதான் மற்ற கால் காலியாகும். காலியான கால்தான் அடுத்த அடி வைக்கும். இரண்டு காலிலும் பாதிப் பாதியாகப் பாரத்தை வைத்து நிற்கிறவனை ஒரு விரலால் தள்ளிவிடலாமாம். என்னைத் தள்ளிக் காட்டினாள். நான் மல்லாந்து சோளத்தட்டுப் போரில் விழுந்தேன்.

யின், யாங் என்று இரண்டு சொற்களை அடிக்கடி சொல்வாள். எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் வடக்கே வாளையார் மலையைக் காட்டினாள்.

"இப்ப அந்தப் பக்கம் வெயிலு, இந்தப் பக்கம் நெழலு. பொழுது சாய்ஞ்சா மாறிப்போகும். ஆனா ரெண்டு மலை இல்ல லா, ஒரே மலைதான். வெயில் பக்கம் யாங், நெழல் பக்கம் யின். அவ்வளவுதாங்க நங்கையா." எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவது.

கையை மேலே கொண்டுபோய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் அதற்குமேல் போக இடமிருக்காது. அங்கேயே அது இறங்க ஆரம்பித்துவிடும். நாம் இறக்க வேண்டியதில்லை. நிழல் முழுசாக நிறைந்த இடத்தில்தான் வெயில் பிறக்கும். இதுதான் அவளுடைய பாடம். பழகப் பழக விரல் நுனியில் குறுகுறுப்பு வரும், கை கனக்கும், உள்ளங்கால் மண்ணில் வேர்விட்டதுபோல் ஆகும், அது வந்தால் உள்ளே ஓட்டம் திறந்துவிட்டது என்று பொருள் என்றும் தையல்காரி சொல்லியிருந்தாளாம். லீலாவுக்கு அது வர மூன்று வருஷமாயிற்றாம்.

எனக்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. அந்தப் பெருமை இருக்கிறதே!

அதற்குச் சில நாள் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. அதை யார் நினைத்தார்கள்? விரலில் குறுகுறுப்பு, பாதத்தில் குறுகுறுப்பு, பிறகு கால் கனத்தது. கிணற்றுமேட்டில் ஏறும்போது படிக்கட்டு உயரமாகிவிட்டதுபோல் இருந்தது. "வேர் விட்டிருச்சு லீலா, காலத் தூக்கவே முடியில" என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தயக்கம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். கால் தரையைத் தொட்டது. ஆனால் என்னைத் தாங்கவில்லை. அப்படியே துணி மூட்டை சரிவதுபோல் சரிந்தேன். எந்தக் காலிலும் பாரம் இறங்கவில்லை. இரண்டுமே காலி.

வேலு கார் பிடித்து வந்தான். போகிற வழியில் ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார். நான் மறுத்துவிட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது முட்டி மடங்கியது, பாலக்காடு போய்ச் சேர்வதற்குள் தொடை கேட்கவில்லை. ஒரு மாட்டுக்கு இப்படி வந்திருந்தால் நானே பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருப்பேன். சத்துக் குறைவு இவ்வளவு வேகமாக மேலே ஏறாது என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே நடுவயசு மலையாளி டாக்டர் ஒருவர் வந்து முட்டியில் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறு முட்டியிலும் துள்ளவில்லை. முழங்கையில் தட்டினார். அங்கேயும் இல்லை. அவர் சுத்தியைப் பையில் போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விலை படியாத தரகன் துண்டை உதறித் தோளில் போடுவதுபோல் இருந்தது.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தண்டுவடத்தைச் சுற்றி உள்ளே ஒரு நீர் இருக்கிறது, அதைச் சோதித்தால் தெரியும் என்றார்கள். ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்கவைத்து, முட்டியும் தாடையும் சேரும்படி நர்ஸ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இடுக்கியில் ஏலத்தோட்டத்தில் பிறந்த தமிழ்ப்பெண், பெயர் ஸ்டெல்லா. "பல்லக் கடிக்காதீய அக்கா, மூச்ச விடுங்க. இந்தா முடிஞ்சிட்டு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முடியவில்லை. ஆனாலும் அந்தப் பொய் எனக்கு வேண்டியிருந்தது.

நீரில் புரதம் கூடியிருந்தது, கிருமி இல்லை. அப்படியிருந்தால் இந்த நோய்தானாம். கில்லன் பாரி என்று பெயர். கரண்டு கம்பிக்குமேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றுப்போக்கைப் போலச் சின்ன நோய் ஒன்று வந்து போன பிறகு, உடம்பைக் காக்கிற சக்தியே குழம்பிப்போய் அந்த உறையைத் தின்ன ஆரம்பித்துவிடும். காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கோ ஓரிடத்தில் நிற்கும். பிறகு, ஏறிய வழியே இறங்கும். பெரும்பாலானவர்கள் பிழைத்து நடப்பார்கள்.

"எங்கீங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

டாக்டர் என் நெஞ்சைப் பார்த்தார். "அதாணு நோக்கேண்டது அம்மே" என்றார். அதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். நெஞ்சுக்குக் கீழே நின்றால் தப்பிக்கலாம். மேலே வந்தால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். அறிவு தெளிவாக இருக்கும், எல்லாம் கேட்கும், மூச்சு மட்டும் வராது.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். என் வீட்டுக்காரர் தூக்கத்தில் போனார். அதைக் கொடுமை என்று நினைத்து அழுதவள் நான். முழித்துக்கொண்டே போகும் சாவு ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை டாக்டர் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். ஒரு குச்சியைக் கிழித்து, என் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். வாயைக் குவிக்காமல், திறந்த வாயால் ஊதி அணைக்கச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாவது குச்சி. அதற்கும் திரும்பிக்கொண்டேன். டாக்டரின் முகம் மாறியது. கதவருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் பச்சைத் துணி மூடிய தட்டு ஒன்று உள்ளே வந்தது. துணி விலகிய இடத்தில் சின்னக் கத்தி தெரிந்தது. மூச்சு நின்றுபோனால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதற்காம்.

ஸ்டெல்லாதான் குனிந்து கேட்டாள். "அக்கா, ஊத முடியலையா, ஊத மாட்டேங்கியளா?"

"நெருப்ப வாயால ஊதற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க" என்றேன். "வெளக்கையே பூவுலதான் குளுர வெப்போம். எச்சி பட்டா ஆவுங்களா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். சம்பிரதாயம் பார்த்து ஒருத்தி கழுத்தை வெட்டிக்கொள்ளப் பார்த்தாள் என்று அந்த வார்டில் இன்னும் என்னைப் பற்றிச் சொல்வார்களாம். மூன்றாவது குச்சியை ஊதினேன். அணைந்தது. கத்தித் தட்டு வெளியே போகவில்லை. ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தீக்குச்சி. என் உயிர் எவ்வளவு மிச்சம் என்று அதில்தான் எனக்குத் தெரியும். முதல் நாள் சட்டென்று அணைந்தது. அடுத்த நாள் சுடர் ஆடிவிட்டு அணைந்தது. அதற்குள் கையும் போய்விட்டது. சோறு விழுங்கினால் மூக்கில் ஏறியது. முகத்தில் ஒரு பாதி தொங்கிவிட்டதாக வேலு சொல்லவில்லை, ஆனால் அவன் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அவன் வேறு ஒன்றும் செய்திருந்தான். லீலாவை உள்ளே விடவில்லை. "உன்ற ஆட்டந்தான் எங்கக்காளப் படுக்க வெச்சுது. அவ முன்னால வராத" என்று வராந்தாவில் வைத்து அவன் சொன்னது என் கட்டிலுக்குக் கேட்டது. அவளிடமிருந்து அந்த 'லா'கூட வரவில்லை.

டாக்டர் அவனிடம் தெளிவாகவே சொன்னார். உடற்பயிற்சியால் இந்த நோய் வராது, யார் மேலும் பழி இல்லை. வேலு தலையை ஆட்டினான், நம்பவில்லை. பயந்து போனவனுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். எனக்கும் அவள்மேல் கோபம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே வந்திருப்பேனே என்று படுத்துக்கொண்டே கறுவினேன். வார்டுக் கதவு தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி மாட்டியது. அதற்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரியும். நாளெல்லாம் அங்கேயே நின்றாள். இடது பாதம் தரையில் அழுந்தியிருக்கும், வலது பாதம் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து மாறும். அந்தப் பாதங்கள் அங்கே இருந்தவரை நான் தூங்கினேன். அவள் சாப்பிடப் போனால் எனக்கு விழிப்பு வந்துவிடும். கோபமும் அதுவும் எப்படிச் சேர்ந்து இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த ரப்பர் பை வந்தது. கறுப்பு நிறம், ஒரு பெரிய மாங்காய் அளவு. கழுத்தில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்து, அந்தக் குழாயில் இந்தப் பையை மாட்டி, கையால் அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள் போகும். விட்டால் வெளியே வரும். மூச்சு விடும் இயந்திரம் அங்கே இல்லை. தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே முடிந்துவிடும். ஆகவே சொந்தக்காரர்கள்தான் முறைபோட்டு அமுக்க வேண்டும், நர்சுகள் மேற்பார்வை பார்ப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு டாக்டர் பையை என் தலைமாட்டில் ஸ்டூல்மேல் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார். நான் நாளெல்லாம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இருப்பது எனக்காகக் காத்திருந்தது.

அன்று சாயங்காலமே வேலுவுக்கும் பெரியப்பா மகனுக்கும் பழக்கினார்கள். இரண்டு பேருமே கிணற்றில் கவலை இறைக்கும் மாட்டை விரட்டுவதுபோல் படபடவென்று அமுக்கினார்கள். "பதுக்கெ, பதுக்கெ" என்றார் டாக்டர். மெதுவாக வரவில்லை. பயத்தில் கை எப்படி மெதுவாகும்? "அமர்த்துன்னதிலல்ல, விடுன்னதிலாணு காரியம்" என்றார். அமுக்குவது பெரிதில்லை, விடுவதுதான் காரியம். உள்ளே போனது முழுசாக வெளியே வர நேரம் கொடுக்காவிட்டால் நெஞ்சு ஊதிப்போகும்.

கதவு திறந்தது. லீலா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் பையைக் கையில் எடுத்தாள். அமுக்கினாள், நிறுத்தினாள், விட்டாள், பை தானாக நிறையும்வரை காத்திருந்தாள். மறுபடியும். களத்தில் கையை உயர்த்தித் தாழ்த்தும் அதே வேகம்.

"வெளிய போ" என்றான் வேலு.

எனக்குக் குரல் கம்மியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "வேலு. அவ. செய்யட்டும்" என்றேன்.

அவன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய் அழுதான். எனக்குக் கேட்டது.

லீலா என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் மனதில் கிடந்ததை ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிக் கேட்டேன். "ஏறுனது எறங்கும்னு சொன்னியே அம்மிணி. எறங்கறப்ப நா இருப்பனா?"

"அந்தப் பாடம் அதைச் சொல்லலீங்க நங்கையா" என்றாள்.

வேறு யாராயிருந்தாலும் ஆகாது, கீகாது என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். நிழல் நிறைந்தால் வெயில் வரும், அது மலைக்கு. மலைமேல் நிற்கிறவள் அதுவரை இருப்பாளா என்பதைப் பற்றி அந்தச் சீனப் பாடத்தில் ஒன்றும் இல்லை. அவள் உண்மையைச் சொன்னதால் என் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை.

மறுநாள் காலை ஊதினேன். தீக்குச்சியின் சுடர் கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, டாக்டரின் விரல்வரை எரிந்தது. அவர் அதை உதறி அணைத்தார். இன்னொரு குச்சியைக் கிழிக்கவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து தட்டு வந்தது.

கழுத்தை வெட்டியதைப் பற்றி எழுதப்போவதில்லை. மரக்க ஊசி போட்டார்கள், ஆனாலும் எனக்கு எல்லாம் தெரிந்தது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. குழாய்க்குக் கீழேதான் மூச்சு, குரல்வளைக்குக் காற்றே போகாது. கண்ணை மூடித் திறப்பது ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியது. ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அவ்வளவு பேச்சு பேசியவளுக்கு இரண்டே சொல்.

அந்த நாட்களில் நான் ஆட்களைக் கையால் அறிந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் அமுக்குகிறார்கள் என்று நெஞ்சுக்குத் தெரியும். வேலுவின் கை அவசரக் கை. நான்கு மூச்சு சரியாக வரும், ஐந்தாவது முட்டும். யாராவது கதவைத் திறந்தால் அவன் திரும்பிப் பார்ப்பான், அந்த நேரத்தில் எனக்கு மூச்சு இல்லை. கத்த முடியாது. கையை உதற முடியாது. தம்பி திரும்ப வேண்டும், அவ்வளவுதான். என்மேல் உயிரை வைத்திருப்பவன் அவன், எனக்காக என் காளைகளைச் சந்தையில் விற்றுவிட்டு வந்து பையைப் பிடித்தவன், அவன் கையில்தான் ஒவ்வொரு முறையும் நான் செத்துப் பிழைத்தேன். இதை அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஸ்டெல்லாவின் கை சுத்தமான கை, ஆனால் அவளுக்கு வார்டு முழுவதும் வேலை. லீலாவின் கை வந்தால் உடம்பு தளரும். காற்று உள்ளே வரும், வந்து நிறையும், ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்திலேயே திரும்ப ஆரம்பித்துவிடும். முழுசாகக் காலியான பிறகுதான் அடுத்தது. அவள் அவசரப்படவே இல்லை. களத்தில் அவள் எனக்குச் சொன்ன எதுவும் அதுவரை எனக்குப் புரிந்திருக்கவில்லை. முட்டி வலிக்கு ஒரு வைத்தியம் என்று ஆடிக்கொண்டிருந்தேன். நிறைவதும் காலியாவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றை விட்டால் மற்றதும் இல்லை என்பது, இன்னொருத்தி கையில் என் மூச்சு இருந்தபோதுதான் புரிந்தது. அவள் தோள் வீங்கிவிட்டதாக ஸ்டெல்லா சொன்னாள். என்னால் கையைத் தூக்கி அந்தத் தோளைத் தொட முடியவில்லை.

ஒரு மத்தியானம் வார்டில் சத்தமில்லை. லீலா பையை விட்டாள், அது நிறைந்தது. அவள் அடுத்து அமுக்குவதற்கு முன்னால் பை அவள் விரலுக்குள் தானாகக் கொஞ்சம் சுருங்கியது. நானே மூச்சை இழுத்திருந்தேன். எனக்கே தெரியவில்லை, அவள் கைக்குத் தெரிந்தது. அப்படியே கையை நிறுத்திவிட்டாள். மறுபடியும் அந்தச் சின்னச் சுருக்கம்.

அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது. நல்லது என்று ஒரு தடவை சொல்லிச் சூடுபட்டவள் அவள். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் பையை அமுக்கிக்கொண்டே, "சிஸ்டர், கொஞ்சம் வாங்க லா" என்று குரல் கொடுத்தாள்.

ஏறிய வழியே இறங்கியது. நெஞ்சு, தோள், கை, கடைசியாகக் கால். குழாயை எடுத்துத் துளை மூடிய பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "தண்ணி". தீக்குச்சி மறுபடியும் வந்தது. சுடர் ஆடியது, பிறகொரு நாள் அணைந்தது. அன்று ஸ்டெல்லா அந்தக் கரிக்குச்சியை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். "எங்க எஸ்டேட்டுல இருந்தா இதுக்கு மெழுகுவத்தி ஏத்திருப்போம், இங்க ஊதி அணைக்கச் சொல்லுதாவ" என்றாள்.

கிளம்பும் நாளில் டாக்டர் ஒன்று சொன்னார். நரம்பு ஆறும்போது விரலில் குறுகுறுப்பு வரும், அது நல்லது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இந்த நோய் திரும்பியும் வரும், அதுவும் குறுகுறுப்பில்தான் தொடங்கும். எது எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்றார். ஒரே மலை, இரண்டு பக்கம். லீலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் என்னால் நடக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் காலை இழுத்துக்கொண்டு போவேன். என்னைக் களத்துக்குக் கூட்டிப்போ என்று லீலாவைக் கேட்டேன். முடியாது என்றாள். "இனி இந்த வாயால ஒண்ணும் சொல்லித்தர மாட்டேங்க நங்கையா" என்றாள். எனக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது. "வாயால சொல்லாத, கையப் புடிச்சுக் காட்டு. இல்லீன்னா உன்ற புருசன் என்னை நடத்தறமுன்னு இழுத்து இன்னொருக்காக் கொல்லுவான்" என்றேன். வேலு வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவர்கள் வீட்டுக்குப் போய், அவள் களத்துக்குப் போட்டுவரும் பழைய ரப்பர் செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் போட்டான். மன்னிப்பு என்று அவன் கேட்டது அவ்வளவுதான்.

அப்படித்தான் நடை கற்றேன். ஒரு காலை நிறைத்து, மறு காலைக் காலியாக்கி. இப்போது ஒரு கோலோடு கிணற்றுமேடு வரை போய் வருகிறேன். சந்தைக்கு இன்னும் போகவில்லை. தரகர்கள் சுகமாக இருக்கட்டும்.

வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் லீலா இங்கே வந்து சாமி விளக்கை ஏற்றுவாள். ஏற்றிய குச்சியை அப்படியே எரியவிட்டு என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவருவாள். நான் வாயைத் திறந்து ஊதுவேன். அணையும். அவள் குச்சியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். நல்லது என்று அவள் இதுவரை சொன்னதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சாமிக்கு முன்னால் நெருப்பை வாயால் ஊதுவதா என்று கேட்க வந்த சொந்தக்காரர்களை வேலு வாசலிலேயே நிறுத்திவிடுகிறான்.

இந்த நோய் வந்த வேறு யாராவது படித்தால் தைரியம் கொள்ளட்டும் என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தபோது இல்லாத குறுகுறுப்பு ஒன்று இப்போது பேனா பிடித்த விரல்களில் இருக்கிறது. நாளெல்லாம் எழுதிய களைப்பாக இருக்கும். நரம்பு ஆறுவதாக இருக்கும். மறு கையையும் தேய்த்துப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது.

லீலாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெளியே மலையில் வெயில் போய்விட்டது. அவள் திரி திரித்து முடித்துவிட்டாள். தீப்பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்க்கிறாள்.